நமக்குக் கிடைக்குமா?

சென்ற ஆண்டு முன்னாள் மாணவர் சந்திப்பில் மதியச் சாப்பாடு முடிந்து, வெற்றிலைத் தட்டு சுற்றிக்கொண்டிருந்த நேரம். இரண்டாம் ஆண்டு கணிதம் படிக்கும் மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். "சார், எனக்கு ஐ.ஐ.எம்.ல எம்.பி.ஏ. படிக்கணும். பத்தாவதுல 91, பிளஸ் டூல 88, இங்க இதுவரைக்கும் 79 பெர்சென்ட். எனக்குக் கிடைக்குமா சார்?"

நான் வாயைத் திறக்கும் முன்பே பக்கத்தில் நின்ற நண்பர் சிரித்துவிட்டார். கல்லூரியில் எனக்கு ஓராண்டு இளையவர். இன்று நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். "அண்ணனைப் போயி இதைக் கேக்கறயா பாப்பா? 1993-ல நானும் இவரைத்தான் கேட்டேன். 'அதெல்லாம் நம்மளுக்கு ஆகாதுடா'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாரு!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு தங்கவில்லை. அவர் சொன்னது உண்மை. நான் அப்படித்தான் சொன்னேன். அன்றைக்கு என்னிடம் என்ன கணக்கு இருந்தது? எதை வைத்து இன்னொருவனுடைய வாய்ப்பை அளந்தேன்? இந்த ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, அதையே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். இது பாதி வரலாறு, பாதி பிராயச்சித்தம்!

கட்-ஆஃப் பிறந்த கதை

"கிடைக்குமா?" என்று மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது?

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முறை 1978-ல் தொடங்கி, முதல் பொதுத்தேர்வு 1980-ல் நடந்தது. பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு 1984-ல் வந்தது. அதன்பின் பிறந்ததுதான் நமக்கெல்லாம் பரிச்சயமான அந்த 300 மார்க் கணக்கு. பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, நுழைவுத் தேர்வு 100. கூட்டினால் வருவது கட்-ஆஃப். கால் மார்க்கில் கல்லூரி மாறும், அரை மார்க்கில் பிரிவு மாறும்.

இந்தக் கணக்கை நம் சமவெளி பிடித்துக்கொண்ட மாதிரி வேறு எந்த ஊரும் பிடித்துக்கொள்ளவில்லை என்றே சொல்லலாம். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கங்களில் விடுதியோடு கூடிய பள்ளிகள் வரிசையாக எழுந்தன. 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியபோது, முட்டைக்கும் லாரிக்கும் ரிக் வண்டிக்கும் அடுத்தபடியாக மார்க்குக்கும் பேர்போன ஊராகிக்கொண்டிருந்தது. தென் மாவட்டங்களிலிருந்தெல்லாம் பெட்டியும் பக்கெட்டுமாகப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுப் போனார்கள்.

நுழைவுத் தேர்வு 2007 சேர்க்கையிலிருந்து எடுக்கப்பட்டு, 300 என்பது 200 ஆயிற்று. 2017-ல் பிளஸ் டூ முடிவில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தையும் அரசு நிறுத்தியது. ஆனால் நம் மண்டைக்குள் இருக்கும் கட்-ஆஃப் மட்டும் இன்னும் நிற்கவில்லை.

அந்தக் கணக்கை நான் குறை சொல்லவில்லை. பம்ப்செட் ஓட்டியவர் வீட்டிலும் லாரி கிளீனர் வீட்டிலும் இன்ஜினீயர்கள் வந்தது அதனால்தான். சிபாரிசு வேண்டாம், நுனிநாக்கு இங்கிலீஷ் வேண்டாம். மார்க் இருந்தால் இடம். அதைவிட நியாயமான ஏற்பாடு அன்றைக்கு நமக்கு எங்கே கிடைத்தது? சிக்கல் என்னவென்றால், எல்லா வாசலுக்கும் அதுதான் சாவி என்று நாம் நம்பிவிட்டோம்.

இன்னொரு வாசல்

மேலாண்மைக் கல்வியின் கதை வேறு. அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908-ல் தொடங்கியது. அங்கே வணிகப் பள்ளிகளுக்கென்று பொதுவான நுழைவுத் தேர்வு 1954-ல் வந்தது. இன்றைய ஜிமேட் அதன் வாரிசு. நம் நாட்டில் 1949-ல் ஜாம்ஷெட்பூரில் ஏசு சபையினர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ.யைத் தொடங்கினார்கள். 1961 நவம்பரில் கல்கத்தா ஐ.ஐ.எம்., அடுத்த மாதமே அகமதாபாத் ஐ.ஐ.எம். உருவாயின. கல்கத்தாவுக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும், அகமதாபாத்துக்கு ஹார்வர்டும் கைகொடுத்தன. 1973-ல் பெங்களூரும் 1984-ல் லக்னோவும் சேர்ந்துகொண்டன. நான் படித்த காலத்தில் மொத்தமே அந்த நான்குதான்.

தமிழர்கள் அந்த வாசலுக்குள் ஆரம்பத்திலேயே போய்விட்டார்கள். கோயமுத்தூரில் 1941-ல் பிறந்த சி.கே.பிரகலாத் சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்து, தொழிற்சாலையில் வேலை பார்த்து, பிறகு அகமதாபாத்தின் முதல் அணியில் சேர்ந்து 1966-ல் முடித்தார். பின்னாளில் உலகமே மதித்த மேலாண்மை அறிஞரானார். இந்திரா நூயி சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பி.எஸ்சி. படித்தவர், 1976-ல் கல்கத்தா ஐ.ஐ.எம். முடித்து, பிறகு அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் போய், 2006 முதல் 2018 வரை பெப்சிகோ நிறுவனத்தின் தலைமை நாற்காலியில் இருந்தார்.

இருவருமே நம்மைப் போல் சாதாரணமாகக் கலைக் கல்லூரியில் அறிவியல் படித்தவர்கள்தான். பிறகு வித்தியாசம் எங்கே? நூயியின் அக்கா சந்திரிகா அவருக்கு முன்பே அகமதாபாத் ஐ.ஐ.எம். போனவர். அதாவது அந்த வீட்டில் "இப்படி ஒரு படிப்பு இருக்கிறது, இப்படிப் போகலாம்" என்று சொல்ல, முன்னால் போன ஒருவர் இருந்தார். தங்கைக்குத் திறமை இருந்தது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் திறமைக்கு முன்னால் ஒரு செய்தி வந்து சேர வேண்டும், இல்லையா?

நம் பக்கம் அந்தச் செய்தி வரவே இல்லை. சேலத்திலிருந்து பெங்களூர் சுமார் 200 கிலோமீட்டர். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகத் தினமும் நம்ம ஊர் லாரிகள் முட்டையும் ஜவ்வரிசியும் ஏற்றிக்கொண்டு போய் வந்தன. ஆனால் அந்த ரோட்டில் நம் கல்லூரியிலிருந்து ஐ.ஐ.எம்.முக்கு ஒரு விண்ணப்பம் போனதாக, என் காலத்தில், நான் கேள்விப்பட்டதில்லை.

என் கதை

1991-ல், இறுதியாண்டில், நான் விண்ணப்பித்தேன். டி.டி. எடுத்துத் தபாலில் அனுப்பி வரவழைத்த விண்ணப்பம் அது. தேர்வு எழுதச் சென்னைக்குத்தான் போக வேண்டும். ராத்திரி திருவள்ளுவர் பஸ்ஸில் ஏறி, விடியற்காலை இறங்கி, டீக்கடைக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு ஹாலுக்குப் போனேன். கையில் தயாரிப்பு என்று ஒன்றுமே இல்லை. கணக்குப் படித்தவன்தானே, சமாளித்துவிடலாம் என்ற தைரியம் மட்டும்தான்.

கேள்வித்தாளைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்த ஒரே முறையைக் கையாண்டேன். எங்கள் பள்ளி வாத்தியார் சொல்லிக்கொடுத்தது: "ஒரு கேள்வியையும் விட்டுடாதே, ஒண்ணாம் நம்பர்ல இருந்து வரிசையாப் போ." வரிசையாகப் போனேன். கஷ்டமான கணக்கு ஒன்றில் பிடிவாதமாக உட்கார்ந்தேன். முடிவில் நேரம் போனதுதான் மிச்சம். பின்பகுதியில் இருந்த சுலபமான கேள்விகளைப் பார்க்கக்கூட இல்லை. அழைப்பு வரவில்லை.

வராததில் தப்பில்லை. தப்பு, அதற்கு நான் கண்டுபிடித்த காரணத்தில் இருந்தது. "கான்வென்ட் பசங்களுக்குத்தான் கிடைக்கும், நம்ம ஊர்க்காரனுக்கு ஆகாது" என்று தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அடுத்த ஆண்டு கேண்டீன் வாசலில் அந்தத் தம்பி கேட்டபோது அதே தீர்ப்பை அவருக்கும் வாசித்தேன். ஒரே ஒரு தரம் தோற்றவனின் அனுபவத்தை ஊருக்கே பொதுவிதி ஆக்கிவிட்டேன். தயாரிப்பில்லாமல் போனேன் என்று சொல்லியிருந்தால், அவராவது தயாரித்துக்கொண்டு போயிருப்பார். அவர் விண்ணப்பமே வாங்கவில்லை.

பெர்சென்டைல் வேறு, பெர்சென்ட் வேறு

பிறகு காலம் மாறியது. 2003 நவம்பரில் நடந்த கேட் தேர்வின் வினாத்தாள் வெளியாகி, தேர்வு ரத்தாகி, 2004 பிப்ரவரியில் மறுபடி நடத்தினார்கள். 2009-லிருந்து பேப்பரும் பென்சிலும் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. 2024 தேர்வை எழுதியவர்கள் சுமார் 2.93 லட்சம் பேர். சமீப ஆண்டுகளில் சேலத்திலேயே மையம் இருக்கிறது. டீக்கடைக் குழாயில் முகம் கழுவ வேண்டியதில்லை!

இன்றைய மாணவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கேட் தருவது பெர்சென்ட் அல்ல, பெர்சென்டைல். 99 பெர்சென்டைல் என்றால் நூற்றுக்கு 99 மார்க் என்று அர்த்தமில்லை. எழுதியவர்களில் நூற்றுக்கு 99 பேர் உங்களுக்குப் பின்னால் என்று பொருள். 2.93 லட்சத்தில் நூற்றில் ஒரு பங்கு என்றால், முன்னால் இருப்பவர்கள் ஏறக்குறைய 2,900 பேர். 95 பெர்சென்டைல் என்றால் முன்னால் 14,600 பேருக்கு மேல். கேட்பதற்கு நான்கு புள்ளிதான் வித்தியாசம். கூட்டமோ ஐந்து மடங்கு.

அடுத்தது இன்னும் முக்கியம். 2024 தேர்வில் 68 கேள்விகள், 2 மணி நேரம், மொத்தம் 204 மதிப்பெண். மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். சரியான விடைக்கு 3; தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறானால் 1 கழியும். இதில் பாதி மதிப்பெண்கூட எடுக்காதவர்கள் 99 பெர்சென்டைலில் இருப்பது சமீப ஆண்டுகளில் சாதாரணம். 1200-க்கு 1150 எடுத்தும் "ஐயோ, 50 போச்சே" என்று அழுத ஊர் நம்முடையது. அப்படி வளர்ந்த பிள்ளைக்கு, பாதியை விட்டுவிட்டு வந்தாலும் ஜெயிக்கலாம் என்பது நம்பவே முடியாத சேதி.

ஆனால் அதுதான் அந்தத் தேர்வின் சூட்சுமம். எதைப் போடுவது என்பதைவிட, எதை விடுவது என்று தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். முதலாளிக்கும் மேலாளருக்கும் வேண்டியது அதுதானே? நம் பள்ளிகள் ஒன்றையும் விடாதே என்று பழக்கின. இந்த வாசலோ விடத் தெரிந்தவனுக்குத் திறக்கிறது. 1991-ல் என்னைத் தோற்கடித்தது இங்கிலீஷும் இல்லை, ஊரும் இல்லை. அந்தப் பழக்கம்தான்.

வாசல் எவ்வளவு அகலம்?

என் காலத்து நான்கு இன்று 20-ஐத் தாண்டிவிட்டது. 1996-ல் கோழிக்கோடும் இந்தூரும் வந்தன. 2011-ல் திருச்சிராப்பள்ளிக்கே ஐ.ஐ.எம். வந்துவிட்டது, நாமக்கல்லிலிருந்து காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் போய்ச் சேரும் தூரம். 2018-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால், பட்டயத்துக்குப் பதில் பட்டமே கொடுக்கிறார்கள். எல்லா ஐ.ஐ.எம்.களையும் சேர்த்தால் இடங்கள் ஐயாயிரத்துக்கு மேல். அகமதாபாத், பெங்களூர், கல்கத்தா மூன்றில் மட்டும் ஒவ்வொன்றிலும் சுமார் 400 முதல் 500.

மத்தியக் கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீத ஒதுக்கீட்டை 2008 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5 சதவீதம் உண்டு. 2019-லிருந்து பொருளாதாரத்தில் நலிந்த மற்றப் பிரிவினருக்கு 10 சதவீதமும் வந்தது. இங்கே நம் பிள்ளைகள் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. தாலுகா ஆபீஸில் பள்ளிக்காக வாங்கிய பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் இங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் இல்லை என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். கடைசி நேரத்தில் ஓடாமல் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

தேர்வு மதிப்பெண் மட்டும் இடம் தராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்தாவது, பிளஸ் டூ, பட்டப்படிப்பு மார்க்குகளையும், வேலை அனுபவத்தையும், நேர்முகத்தையும் பல நிறுவனங்கள் சேர்த்துக் கூட்டுகின்றன. பெங்களூரில் பத்தாவது மார்க்குக்கே எடை உண்டு. இன்ஜினீயர் அல்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் சில இடங்களில் கூடுதல் புள்ளி உண்டு. 2013-ல் கோழிக்கோட்டில் சேர்ந்த அணியில் பாதிக்கு மேல் பெண்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் கூட்டல் கணக்கை ஆண்டுதோறும் எழுத்தில் வெளியிடுகிறது. டீக்கடையில் கேட்க வேண்டாம், சீனியரைக்கூடக் கேட்க வேண்டாம், அதை எடுத்துப் படியுங்கள்!

பணக் கணக்கையும் மறைக்கக் கூடாது. முன்வரிசை நிறுவனங்களில் இரண்டாண்டுக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காமலே வங்கிகள் இத்தகைய நிறுவனங்களுக்குக் கடன் தருகின்றன, உதவித்தொகையும் உண்டு. ஆனால் பெயர் மட்டும் எம்.பி.ஏ. என்று இருக்கும் எல்லா இடத்துக்கும் அதே கடனை வாங்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். கிடைக்குமா என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே, கிடைத்தால் கட்டுமா என்ற கேள்வியும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த மாணவிக்குச் சொன்னது

திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரரிடம் "தண்ணி வருமா?" என்று கேட்டுப் பாருங்கள். அனுபவசாலி யாரும் வரும் என்றோ வராது என்றோ சொல்லமாட்டார். "பக்கத்துத் தோட்டத்துல எத்தனை அடியில வந்துச்சு, எவ்வளவு ஆழம் போடக் காசு வெச்சிருக்கீங்க, சொல்லுங்க, பாக்கலாம்" என்பார். அந்த மரியாதையான பதில் எனக்கு 1993-ல் தெரியவில்லை.

அந்த மாணவியிடம் இந்தத் தரம் இப்படித்தான் பேசினேன்: "பத்தாவதும் பிளஸ் டூவும் முடிஞ்சு போன கணக்கு, அதை நீ மாத்த முடியாது. ஆனா உன் மார்க் தடையா நிக்கற மார்க் இல்லை. டிகிரி மார்க் இன்னும் உன் கையில இருக்கு. முப்பது மாதிரித் தேர்வு எழுதிப் பாரு. ஒவ்வொண்ணுலயும் எதை விட்டிருக்கணும்னு குறிச்சு வெய்யி. கடைசிப் பத்துல உன் பெர்சென்டைல் எங்க நிக்குதோ அதுதான் உன் சான்ஸ். நான் சொல்றது இல்லை. ஐ.ஐ.எம். இல்லைன்னாலும் அண்ணா பல்கலைக்கழகம் நடத்துற டான்செட் இருக்கு, நல்ல கல்லூரிங்க இருக்கு. அதையும் எழுது."

"இன்டர்வியூல இங்கிலீஷ் வராதே சார்?"

இதற்குப் பதிலை நண்பரே சொன்னார். "ஏம் பாப்பா, நாமக்கல் முட்டை விலையை யாரு நிர்ணயம் பண்றாங்க, புரட்டாசியில ஏன் விலை இறங்குது, ஒரு லாரிக்குப் பாடி கட்ட எத்தனை நாளாகும்னு உனக்குத் தெரியுமா?"

பாதிதான் தெரியும் என்றாள்.

"பட்டறைக்கு வா, மிச்சத்தை நான் சொல்றேன். உன் ஊரைப் பத்தி உன்னைவிட அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சதைத் தெளிவாச் சொல்ல எவ்வளவு இங்கிலீஷ் வேணுமோ, அவ்வளவைக் கத்துக்கோ, போதும்."

அவள் போன பிறகு, "தம்பி, அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். "விடுங்கண்ணா, எனக்கொண்ணும் குறையில்லை" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனா ஒரு தரம் எழுதிப் பாத்திருக்கலாம்னு தோணும். கிடைச்சிருக்காதுன்னுகூட வெச்சுக்குவோம். அது என் கணக்கா இருந்திருக்கும்" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நண்பர்களே, நாமெல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை கூடுகிறோம். மைதானத்துக்கு மரம் நடுகிறோம், வகுப்பறைக்கு மின்விசிறி வாங்கித் தருகிறோம். நல்லதுதான். அதோடு, முன்னால் போனவன் பின்னால் வருபவனுக்குத் தரக்கூடியது சரியான செய்தி. நம்மில் யார் எந்தத் தேர்வை எழுதினோம், எங்கே தோற்றோம், எதனால் தோற்றோம், எவ்வளவு செலவாயிற்று என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி நூலகத்தில் வைத்தால் என்ன? முதல் பக்கத்தில் என் தோல்வியை நானே எழுதித் தருகிறேன்.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் யாராவது "நம்மளுக்கு ஆகாது" என்று சொன்னால், "எந்த வருசத்துக் கணக்கு சார் அது?" என்று பணிவாகக் கேளுங்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வாழ்க நம் கல்லூரி!